‘மத நம்பிக்கையால் மறுப்பு’ என்று டிக் அடிக்கும் முன்

நீண்டகால உடல்நல ஆய்வுக்காக வீடு வீடாகப் போகிறவர்களின் படிவத்தில் கடைசியாக ஒரு கேள்வி இருக்கும். வீட்டில் இருப்பவர் பங்கேற்க மறுத்தால், ஏன் மறுத்தார்? நேரமில்லை, விருப்பமில்லை, குடும்பத்தார் விடவில்லை, மத நம்பிக்கை, பிற. ஏதாவது ஒன்றை டிக் அடித்துவிட்டு அடுத்த வீட்டுக்குப் போய்விடலாம். எங்கள் பக்கத்துக் காலனிகளில் நிரப்பப்பட்ட படிவங்களை நான் பார்த்தவரை, அந்த ‘மத நம்பிக்கை’க்கு மட்டும் கஞ்சத்தனமே இல்லாமல் டிக் விழுந்திருக்கும்.

காளப்பநாயக்கன்பட்டி கொல்லிமலையின் அடிவாரம். நாமக்கல்லிலிருந்து சேந்தமங்கலம் வழியாக வரும் பஸ் இங்கே நின்று, காரவள்ளி போய், அங்கிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகளில் ஏறும். கீழே காலனிகளில் அருந்ததியரும் பறையரும். மேலே மலையாளிப் பழங்குடிகள். ஒரே பஸ் ரூட்டில் இரண்டு வகை ‘விளிம்புநிலை மக்கள்’ கிடைப்பதால் ஆய்வுக்குழுக்களுக்கு எங்கள் ஊர் ரொம்ப வசதி. சமூகப்பணி படிக்கும் மாணவர்கள் களப்பயிற்சிக்கு வந்தால் என்னோடு கொஞ்ச நாள் இருப்பார்கள். அவர்களில் பலர் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: “ஏக்கா, நம்ம ஜனங்களுக்குச் சாமி பயம் ஜாஸ்தி, அதான் ரத்தம் குடுக்க மாட்டேங்கறாங்க, இல்லியா?”

கேட்பவர்கள் வெளியாட்கள் அல்ல. நம் தெருவிலிருந்து முதல் பட்டம் வாங்கப்போகிற பிள்ளைகள். நாளைக்கு அந்த டேப்லெட்டைக் கையில் பிடித்துக்கொண்டு நம் வாசலில் நிற்கப்போவதும் இவர்கள்தான். அதனால்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இப்படிப்பட்ட ஆய்வுகளே வேண்டாம் என்று சொல்கிற கட்சி நான் இல்லை. ஒரே மனிதர்களை ஐந்து, பத்து, முப்பது வருடம் விடாமல் பின்தொடர்ந்தால்தான் சில உண்மைகள் பிடிபடும். மாரடைப்புக்கும் ரத்த அழுத்தத்துக்கும் புகைபிடிப்பதற்கும் உள்ள தொடர்பு இன்று டீக்கடையில்கூடப் பேசப்படுகிறது என்றால், அமெரிக்காவின் ஃபிரேமிங்காம் என்ற ஊரில் 1948-ல் 5,209 பேரைச் சேர்த்துத் தொடங்கிய ஆய்வு அதற்குப் பெரிய காரணம். ஆனால் அந்த 5,209 பேரும் கிட்டத்தட்ட முழுக்க வெள்ளையர்கள். ஆய்வில் இல்லாத உடம்பு மருத்துவத்திலும் இல்லாமல் போகும். சாக்கடைக்குள் இறங்கியவரின் நுரையீரல் இருபது வருடம் கழித்து என்னவாகிறது, நாமக்கல் கோழிப்பண்ணைத் தூசியில் பத்து வருடம் முட்டை பொறுக்கிய பெண்ணின் மூச்சு என்னவாகிறது என்பதை யாராவது பின்தொடர்ந்து எழுதினால்தானே நஷ்ட ஈடு கேட்கவாவது நமக்கு ஒரு காகிதம் இருக்கும்.

வேலூரையே எடுத்துக்கொள்ளுங்கள். சி.எம்.சி. மருத்துவமனையின் ஆய்வாளர்கள் 2002-ல் அந்நகரத்துக் குடிசைப் பகுதிகளில் 452 பச்சைக் குழந்தைகளைச் சேர்த்து, வாரம் இருமுறை வீட்டுக்குப் போய்ப் பார்த்தார்கள். 373 குழந்தைகள் மூன்று வயது முடியும்வரை ஆய்வில் இருந்தார்கள். ரோட்டா வைரஸ் வயிற்றுப்போக்கு ஒருமுறை வந்துபோனால் மெக்சிகோ குழந்தைகளுக்குக் கிடைத்த அளவு பாதுகாப்பு நம் குழந்தைகளுக்குக் கிடைப்பதில்லை, திரும்பத் திரும்ப வருகிறது என்பது அதில்தான் தெரிந்தது. பின்னால் இந்தியாவில் செய்யப்பட்ட ரோட்டா தடுப்பு மருந்தின் பரிசோதனையிலும் வேலூர் ஓர் இடம். 2016-லிருந்து அந்தச் சொட்டு மருந்து அரசுத் தடுப்பூசித் திட்டத்தில் படிப்படியாகச் சேர்ந்தது. நடத்தியது கிறிஸ்தவ மருத்துவமனை. குழந்தைகளைக் கொடுத்தது இந்து, முஸ்லிம், கிறிஸ்தவ வீடுகள். வாரத்துக்கு இரண்டு தடவை வாசலில் வந்து நின்று, குழந்தைக்கு முடியாமல் போனால் வைத்தியமும் பார்க்கிறவர்களிடம் யாரும் மதம் கேட்கவில்லை.

அப்படியென்றால் மதம் தடையே இல்லையா? இருக்கிறது. எங்கள் பக்கம் மாரியம்மனுக்குக் காப்பு கட்டிவிட்டால் ஊரை விட்டு வெளியே தங்க மாட்டார்கள். அந்த நாட்களில் உடம்பில் ஊசி குத்த விடாதவர்கள் உண்டு. அம்மை போட்ட வீட்டு வாசலில் வேப்பிலை தொங்கும்போது செருப்போடு போய் நின்றால் விரட்டத்தான் செய்வார்கள். ரம்ஜான் நோன்பில் பகலில் ரத்தம் எடுக்க வருகிறவருக்கு முஸ்லிம் வீட்டில் என்ன பதில் கிடைக்கும்? சில பெந்தெகொஸ்தே சபைகளில் மருந்து சாப்பிடுவதே விசுவாசக் குறைவு. இதையெல்லாம் நான் மறைக்கவில்லை. ஆனால் இவற்றில் முக்கால்வாசி நாள் கிழமை பார்த்து வரவேண்டிய விஷயம், அவ்வளவுதான். காப்பு கட்டுகிற தேதி ஊருக்கே தெரியும். விசாரிக்காமல் வந்துவிட்டு மத நம்பிக்கை என்று எழுதுவது, ஞாயிற்றுக்கிழமை பேங்குக்குப் போய்விட்டு மேனேஜருக்கு மூடநம்பிக்கை என்று சொல்வது மாதிரி.

இன்னொரு வேடிக்கை. மறுக்கிறவர் யார் என்பதைப் பொறுத்துக் காரணத்தின் பெயரும் மாறும். குலக்கல்வித் திட்டத்தால் முதலமைச்சர் பதவி போன மறுவருடம், 1955-ல், ராஜாஜி காசநோய்க்கான பி.சி.ஜி. தடுப்பூசியை எதிர்த்து ஆங்கிலத்தில் ஒரு புத்தகமே வெளியிட்டார். ஆரோக்கியமான குழந்தைகளின் உடம்பில் உயிருள்ள கிருமியைக் கூட்டம் கூட்டமாக ஏற்றுவது சரியா என்பது அவர் கேள்வி. மத்திய அரசே பதில் சொல்ல வேண்டியிருந்தது. இன்றைக்கும் வரலாற்று ஆய்வாளர்கள் அதை மாற்றுக்கருத்து என்ற தலைப்பில் மரியாதையாக விவாதிக்கிறார்கள். எங்கள் காலனியில் ஓர் அம்மா “எதுக்குங்க ஒடம்புல இல்லாததைக் கொண்டாந்து ஏத்தறீங்க?” என்று கேட்டால் அது நான்காவது கட்டத்துக்குப் போய்விடுகிறது. இரண்டும் ஒரே கேள்விதான், சொன்ன வாய்தான் வேறு.

இனி, மதம் உண்மையாகவே குறுக்கே நிற்கும் இடத்துக்கு வருகிறேன். அது நம் மனதுக்குள் இருக்கிற சாமி அல்ல, ஆய்வு நுழைகிற வாசல்.

சில வருடங்களுக்கு முன் அடிவாரத்து ஊர் ஒன்றுக்கு ஓர் ஆய்வுக்குழு வந்தது. பத்து வருடத் திட்டம். சர்க்கரை, ரத்த அழுத்தம், எடை, உணவுப் பழக்கம். ‘சமூகப் பங்கேற்பு’ வேண்டும் என்று யாரோ சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். ஊர்ப் பெரியவர்களைப் பார்த்தார்கள், கோயில் மண்டபத்தைக் கேட்டு வாங்கினார்கள், ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். காலை ஏழு மணிக்கு வெறும் வயிற்றோடு எல்லோரும் மண்டபத்துக்கு வர வேண்டும். ஊர்த்தெருவிலிருந்து வந்தார்கள். காலனியிலிருந்து ஆளே வரவில்லை. அந்தக் குழுவில் இருந்த பெண் (நல்ல பிள்ளை, கெட்ட எண்ணம் எதுவும் இல்லை) மத்தியானம் காலனிக்கு வந்து ஒரு பாட்டியிடம் கேட்டாள், ஏன் வரவில்லை என்று. பாட்டி சொன்னது: “சாமி குத்தம் ஆயிரும் கண்ணு.”

அந்தப் பெண் டிக் அடித்துவிட்டாள். அவளைப் பொறுத்தவரை பதில் தெளிவாகத்தான் இருந்தது. பாட்டியின் பேத்திதான் பிறகு எனக்கு விளக்கினாள். அந்த மண்டபத்தில் நாங்கள் ஏறினால் அடுத்த நாள் தீட்டு கழிப்பார்கள், பண்ணையில் வேலை தரமாட்டார்கள். இதை டவுனிலிருந்து வந்த ஒரு பெண்ணிடம், பக்கத்தில் ஊர்க்காரர் ஒருவர் துணைக்கு நிற்கும்போது எப்படிச் சொல்வது? சாமி குத்தம் என்றால் யாருக்கும் கோபம் வராது. சாதியின் பெயரைச் சொல்லாமல் சாதியைச் சொல்ல நம் பாட்டிகள் வைத்திருக்கும் வார்த்தை அது. சமூகவியல் படித்தவர்கள் அதை நம்பிக்கை என்று மொழிபெயர்த்துக்கொள்கிறார்கள்.

அதற்கப்புறம் பத்து வருடத்துக்கு அந்த ஆய்வில் அந்த ஊரின் உடல்நலம் என்றால் ஊர்த்தெருவின் உடல்நலம்தான். முதல் நாள் வாசல் தப்பாகிவிட்டால் பிறகு எந்தக் கணக்காலும் அதைச் சரிசெய்ய முடியாது.

மலைமேல் வேறு ஒரு கதை இருக்கிறது, அதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். 1913-ல் ஜெஸ்ஸி பிராண்ட், ஈவ்லின் பிராண்ட் என்ற ஆங்கிலேய மிஷனரித் தம்பதி கொல்லிமலைக்கு வந்தார்கள். அன்றைக்கு மலேரியா மலை இது. மதம் மாற்ற வந்தவர்கள்தான், அதில் ஒளிவுமறைவில்லை. வருடக்கணக்கில் யாரும் மாறவில்லை. முதல் உலகப்போர் முடிகிற சமயத்தில் இன்ஃப்ளூயன்சா மலையைத் தாக்கியபோது, அவர்களைக் கடுமையாக எதிர்த்துவந்த பூசாரி ஒருவர் சாகக்கிடந்தார். இந்தத் தம்பதி மட்டும் அவர் வீட்டுக்குப் போனார்கள். சாகும்முன் தன் பிள்ளைகளை அவர்களிடம் ஒப்படைத்தார் என்று அந்தக் குடும்பத்தின் வரலாற்றில் பதிவாகியிருக்கிறது. 1929-ல் ஜெஸ்ஸி மலேரியா முற்றிய காய்ச்சலில் இறந்து வாழவந்தியில் புதைக்கப்பட்டார். ஓய்வு வயதுக்குப் பிறகும் ஈவ்லின் மலையை விட்டுப் போகவில்லை. 1974-ல் 95 வயதில் இறந்தபோது அவரும் அங்கேயே புதைக்கப்பட்டார். இந்த மலையில் வளர்ந்த அவர்கள் மகன் பால் பிராண்ட்தான் வேலூரில் தொழுநோயாளிகளின் மடங்கிப்போன கைகளை அறுவைசிகிச்சையால் மீட்டவர். தொழுநோயில் விரல்கள் தானாக அழுகி விழுவதில்லை, வலி தெரியாததால் அடிபட்டு அடிபட்டுத்தான் தேய்கின்றன என்பதை, நோயாளிகளை நாள் கணக்கில் கூடவே இருந்து கவனித்துச் சொன்னவர்.

இதைப் படித்துவிட்டு மிஷனரிகள் எல்லாம் தியாகிகள் என்று முடிவுக்கு வர வேண்டாம். ஒரு கையில் மாத்திரை, மறு கையில் வேதாகமம் என்று வருகிறவர்களிடம் வேண்டாம் என்று சொல்ல நோயாளிக்கு எவ்வளவு சுதந்திரம் இருந்திருக்கும் என்பது கேட்க வேண்டிய கேள்விதான். ஆனாலும் பூசாரியின் கதையில் என்னைப் பிடித்து நிறுத்துவது, வேறு சாமி கும்பிடுகிறவர் என்று தெரிந்தும் அவர் தன் பிள்ளைகளைக் கொடுத்தார் என்பது. கதவைத் தட்டியவர்கள் அடுத்த வருடமும் இங்கேயே இருப்பார்கள் என்று அவருக்குத் தெரியும். திட்டக் காலம் முடிந்ததும் போர்டைக் கழற்றிக்கொண்டு போகிறவர்களிடம் யாரும் பிள்ளையைக் கொடுக்க மாட்டார்கள், ரத்தத்தையும் கொடுக்க மாட்டார்கள்.

மதத்தின் வழியாகக் கிடைத்த நம்பிக்கையை எவ்வளவு கொடூரமாகப் பயன்படுத்த முடியும் என்பதற்கும் உலகத்தில் ஒரு சாட்சி இருக்கிறது. கறுப்பின மக்களின் வரலாறு படிக்கிறவர்கள் டஸ்கீகி என்ற பெயரைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். அலபாமா மாநிலத்தின் மேக்கன் கவுண்டியில் 1932-ல் அமெரிக்க அரசின் பொதுச் சுகாதாரத் துறை தொடங்கிய ஆய்வு. சிஃபிலிஸ் நோய் இருந்த 399 கறுப்பின ஆண்கள், நோயில்லாத 201 பேர். பெரும்பாலும் குத்தகை விவசாயிகள். சர்ச்சுகளிலும் பள்ளிக்கூடங்களிலும் சொல்லி ஆள் சேர்த்தார்கள். ‘கெட்ட ரத்தம்’ என்றார்களே தவிர நோயின் பெயரைச் சொல்லவில்லை. 1940-களில் பெனிசிலின் வந்த பிறகும் கொடுக்கவில்லை. 40 வருடம் சும்மா வேடிக்கை பார்த்தார்கள். 1972-ல் பத்திரிகையில் வெளிவந்த பிறகுதான் நிறுத்தினார்கள். 1997-ல் ஜனாதிபதி கிளிண்டன் மன்னிப்புக் கேட்டார்.

40 வருடம் எப்படி விலகாமல் இருந்தார்கள் என்பதில்தான் நமக்கான பாடம் இருக்கிறது. செத்துப்போனால் பிரேதப் பரிசோதனைக்கு உடம்பைக் கொடுக்கச் சம்மதிக்கும் குடும்பத்துக்கு அடக்கச் செலவுக்கு 50 டாலர் கொடுத்தார்கள். அந்த ஏழைகளுக்கு மரியாதையான சவ அடக்கம் என்பது கடவுளுக்கும் தங்களுக்கும் இடையிலான விஷயம். அதற்குக் காசில்லை என்பதுதான் அவர்களின் பெரிய பயம். அந்தப் பயத்தை விலைக்கு வாங்கினார்கள். நமக்கு இது புரிவதற்கு அகராதி தேவையில்லை. 2019 ஆகஸ்டில் வாணியம்பாடி அருகே நாராயணபுரத்தில் சுடுகாட்டுக்குப் பாதை விடாததால் ஒரு தலித்தின் உடலைப் பாலாற்றுப் பாலத்திலிருந்து கயிறு கட்டி இறக்கினார்களே. நல்ல சாவுக்கு ஆசைப்படும் ஜனங்களிடம் யாராவது வந்து ‘அடக்கத்தை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம், இதில் கைநாட்டு வையுங்கள்’ என்றால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்.

அதே அமெரிக்காவில் 2000-க்கும் 2004-க்கும் இடையில் மிசிசிப்பி மாநிலத்தின் ஜாக்சன் நகரத்தில் 5,306 கறுப்பின மக்கள் ஓர் இதயநோய் ஆய்வில் சேர்ந்தார்கள். டஸ்கீகி பற்றித் தெரிந்துகொண்டேதான் சேர்ந்தார்கள். அங்கேயும் சர்ச்சுகள் இருந்தன. கூடவே கறுப்பினத்தவருக்கான டூகலூ கல்லூரியும் பங்குதாரராக இருந்தது. ஆய்வு எப்படிச் செய்வது என்று அந்தக் கல்லூரி மாணவர்களுக்கே பயிற்சி கொடுத்தார்கள். ரத்தம் கொடுக்கிற தெருவின் பிள்ளைகளே ஆய்வாளராகவும் ஆவதற்கு வழி வைத்திருந்தார்கள். நம் மாணவர்களுக்கு இங்கே கிடைப்பது டேப்லெட்டும் தினக்கூலியும்தான். கேள்வித்தாளில் எந்தக் கேள்வி இருக்க வேண்டும் என்று எந்தக் குழுவாவது அவர்களிடம் கேட்டதாக நான் கேள்விப்படவில்லை.

கேள்வித்தாள் என்றதும் முதல் பக்கத்தில் வரும் அந்தச் சின்னக் கேள்வியைப் பேசியாக வேண்டும். மதம்: இந்து, முஸ்லிம், கிறிஸ்தவர், பிற. கேட்கிறவருக்கு இது பெயர், வயது மாதிரி ஒரு தகவல். நமக்கு இது ஒரு பொறி.

1950-ம் வருடத்துக் குடியரசுத் தலைவர் ஆணைப்படி இந்துவாக இருந்தால்தான் பட்டியல் சாதி. 1956-ல் சீக்கியரையும் 1990-ல் பௌத்தரையும் சேர்த்தார்கள். கிறிஸ்தவர்களும் முஸ்லிம்களும் இன்றுவரை வெளியேதான். தமிழ்நாட்டில் கிறிஸ்தவத்துக்கு மாறிய ஆதிதிராவிடர் பி.சி. பட்டியலில் வருவார். சேரி அதே சேரிதான், சுடுகாடும் அதே தனிச் சுடுகாடுதான், சர்டிபிகேட் மட்டும் வேறு. 2024 நவம்பர் 26-ம் தேதி, புதுச்சேரிப் பெண் ஒருவரின் வழக்கில், கிறிஸ்தவராக வாழ்ந்துகொண்டு இடஒதுக்கீட்டுக்காக மட்டும் இந்து என்று சொல்வது அரசியல் சாசனத்தின் மீதான மோசடி என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. இந்தச் செய்தி நம் தெருக்களுக்கு வந்து சேராமலா இருக்கும்?

இப்போது வாசலில் நிற்கிற ஆய்வாளர் மதம் என்ன என்று கேட்கிறார். ஞாயிற்றுக்கிழமை சபைக்குப் போகிற, பிள்ளைக்கு எஸ்.சி. சர்டிபிகேட் வைத்திருக்கிற ஓர் அம்மா என்ன சொல்வார்? பின்சுவரில் இயேசு படம் மாட்டியிருக்க, முன்னால் நின்று “இந்துங்க” என்பார். அல்லது கதவைச் சாத்திக்கொள்வார். முதல் பதிலில் ஆய்வுக்குப் பொய்த் தகவல் போகிறது, இரண்டாவதில் ‘மத நம்பிக்கையால் மறுப்பு’ என்று போகிறது. தைரியமாகக் கிறிஸ்தவர் என்று சொல்கிறவர் சாதிக் கட்டத்தில் பி.சி. ஆகிவிடுகிறார். அவருடைய ரத்தசோகை, அவருடைய காசநோய், அவருடைய எடை குறைந்த குழந்தை எல்லாம் பிற்படுத்தப்பட்டோர் கணக்கில் கரைந்துவிடும். தலித் கிறிஸ்தவர்களின் உடல்நலம் மோசம் என்று நாளை ஒரு கமிஷன் முன்னால் நின்று வாதாட நமக்கு எண்ணே இருக்காது. கே.ஜி. பாலகிருஷ்ணன் தலைமையில் 2022 அக்டோபரில் மத்திய அரசு போட்ட கமிஷனே மதம் மாறியவர்களுக்குப் பட்டியல் சாதி அந்தஸ்து தரலாமா என்று ஆராயத்தான்.

நீண்டகால ஆய்வில் இந்தச் சிக்கல் இன்னும் முறுகும். நம்மில் பலருக்கு இரண்டு பெயர். சர்டிபிகேட்டிலும் ரேஷன் கார்டிலும் ஒன்று, ஞானஸ்நானத்தில் வாங்கியது இன்னொன்று. முதல் தடவை கார்டைப் பார்த்துப் பெயர் எழுதிக்கொண்டு போவார்கள். ஐந்து வருடம் கழித்து வேறு ஆள் வருவார். அந்தப் பெயரைச் சொல்லித் தெருவில் விசாரித்தால் அப்படி யாரும் இங்கே இல்லையே என்பார்கள், ஏனென்றால் தெரு முழுக்க அவரைச் சபைப் பெயரில்தான் கூப்பிடுகிறது. அந்தம்மா அடுத்த சந்தில் துணி துவைத்துக்கொண்டிருப்பார். ஆய்வில் அவர் தொடர்பு விட்டுப்போனவர். திருச்செங்கோட்டு ரிக் வண்டியில் வடநாட்டுக்குப் போன அவர் மகனும் தொடர்பு விட்டுப்போனவர். செங்கல் சூளைக்குப் போன தங்கச்சி குடும்பமும் அப்படித்தான். ஒருவர் பயத்தால், இருவர் பிழைப்பால். அறிக்கையில் மூவரும் ஒரே சதவீதம்.

இவ்வளவையும் தாண்டி ஒருவர் கடைசிவரை இருந்தால் அவருக்கு என்ன திரும்பி வருகிறது? நம் மாநிலத்தில் நடந்த மிகப்பெரிய ஆய்வைப் பாருங்கள். ராஜாஜி எதிர்த்த அதே பி.சி.ஜி. ஊசி பெரியவர்களுக்கு நுரையீரல் காசநோயைத் தடுக்கிறதா என்று பார்க்க, 1968-ல் அன்றைய செங்கல்பட்டு மாவட்டத்தில் (அந்தக் கிராமங்கள் இன்று திருவள்ளூர் மாவட்டம்) இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சிலும் உலக சுகாதார நிறுவனமும் ஒரு பரிசோதனையைத் தொடங்கின. 2.8 லட்சம் பேருக்குமேல். சிலருக்கு நிஜ ஊசி, சிலருக்கு வெறும் திரவம். 15 வருடம் எக்ஸ்ரே, சளி என்று பின்தொடர்ந்தார்கள். பெரியவர்களின் நுரையீரல் காசநோயை அது தடுக்கவில்லை என்பது முடிவு. (பச்சைக் குழந்தைகளுக்கு மூளைக்காய்ச்சல் மாதிரி கொடிய காசநோய் வராமல் தடுக்க பி.சி.ஜி. இன்றும் தேவை. அதை யாரும் நிறுத்திவிட வேண்டாம்.) உலகம் முழுக்க மருத்துவ மாணவர்கள் பரீட்சைக்குப் படிக்கிற ஆய்வு அது. தனிமனிதரின் சம்மதத்தைப் பற்றி கவுன்சிலின் முதல் நெறிமுறை அறிக்கையே 1980-ல்தான் வந்தது, இந்த ஆய்வில் ஆள் சேர்த்து முடித்து ஏறக்குறைய பத்து வருடம் கழித்து. சளியைத் துப்பிக் கொடுத்த கிராமங்களில் எத்தனை வீட்டுக்கு அந்த முடிவு போய்ச் சேர்ந்திருக்கும்?

நெறிமுறை வந்தபிறகும் என்ன நடந்தது என்பதற்குக் கம்மம் இருக்கிறது. 2009-ல் ஆந்திராவின் கம்மம் மாவட்டத்தில் பழங்குடிச் சிறுமிகள் உட்பட ஆயிரக்கணக்கான பெண்பிள்ளைகளுக்கு எச்.பி.வி. தடுப்பூசி ஆய்வுத்திட்டத்தில் ஊசி போட்டார்கள். அந்த ஊசி கருப்பைவாய்ப் புற்றுநோயைத் தடுப்பது உண்மை. சில சிறுமிகள் இறந்ததற்கு ஊசி காரணமல்ல என்று விசாரணைக் குழு சொன்னது. பிரச்சினை சம்மதப் படிவத்தில் இருந்தது. ஆந்திராவின் 9,543 படிவங்களில் 2,763-ல் பெற்றோர் இடத்தில் ஹாஸ்டல் வார்டன் கையெழுத்துப் போட்டிருந்தார் என்பது 2013-ல் நாடாளுமன்ற நிலைக்குழு அறிக்கையில் இருக்கிறது. வார்டன் கையெழுத்துப் போட்டால் என்ன, தர்மகர்த்தா மண்டபம் கொடுத்தால் என்ன, பாஸ்டர் பிரசங்கத்தில் அறிவித்தால் என்ன, மூன்றும் ஒன்றுதான். நமக்குப் பதிலாக இன்னொருவர் ‘சரி’ சொல்கிறார். பாஸ்டரையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். நம் சபை, நம் ஆள் என்பதற்காக அவருக்கு நம் ரத்தத்தின் மேல் உரிமை வந்துவிடாது.

இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சிலின் 2017 நெறிமுறைகளில் இது தெளிவாகவே இருக்கிறது. சமூகத் தலைவரின் அனுமதி ஊருக்குள் நுழையத்தான். அது கிடைத்தாலும் ஒவ்வொருவரிடமும் தனியாகச் சம்மதம் வாங்கியே தீர வேண்டும். பழங்குடிகள் விஷயத்தில் அவர்கள் பேச்சுமொழி தெரிந்தவரை வைத்துக்கொண்டு விளக்க வேண்டும். நம் அருந்ததியர் வீடுகளில் பேசுவது தெலுங்கு. ‘தன்னார்வ அடிப்படையில் பங்கேற்பாளர் எந்நிலையிலும் விலகிக்கொள்ளும் உரிமை’ என்று ஆரம்பிக்கும் தமிழ், எம்.ஏ. படித்த எனக்கே இரண்டாவது வாசிப்பில்தான் புரிந்தது.

எனவே தோழர்களே, டேப்லெட் கையில் வந்தபிறகு நீங்கள் செய்யக்கூடியது நிறைய இருக்கிறது, அதற்கு யாருடைய அனுமதியும் தேவையில்லை. மறுப்புக்கான காரணத்தில் ‘பிற’ என்ற கட்டத்தைத் தேர்ந்தெடுத்து, அவர் சொன்ன வாக்கியத்தை அவர் சொன்னபடியே தட்டச்சு செய்யுங்கள். சாமி குத்தம் என்றால் எந்தச் சாமி, எந்த மண்டபம் என்று இன்னொரு கேள்வி கேளுங்கள், துணைக்கு வந்த ஊர்க்காரரை டீ குடிக்க அனுப்பிவிட்டு. மதம் என்ன என்று கேட்கும் முன், இது தாலுகா ஆபீசுக்குப் போகாது என்று சொல்லுங்கள். அப்படிச் சொல்ல முடியுமா என்று முதலில் உங்கள் குழுத்தலைவரிடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். அவர் தர மறுத்தால், அந்தக் கேள்வியை நீங்கள் ஏன் கேட்க வேண்டும்? சர்டிபிகேட் மதத்தையும் வீட்டு மதத்தையும் தனித்தனியாக, விருப்பப்பட்டால் மட்டும் பதிவு செய்ய முடியும் என்றால் தலித் கிறிஸ்தவர்களுக்கு முதல்முறையாக ஒரு கணக்குக் கிடைக்கும். சமூகவியல் துறைகளில் ஆய்வு செய்யும் நண்பர்கள் இதை ஒரு படிவத்திலாவது செய்து காட்ட வேண்டும்.

ரத்தம் எங்கே போகிறது என்ற கேள்வியைச் சிரித்து ஒதுக்காதீர்கள். எங்கள் மாவட்டத்துப் பள்ளிபாளையத்தில் விசைத்தறித் தொழிலாளர்களின் சிறுநீரகங்கள் தரகர்கள் மூலம் விற்கப்பட்டது 2025 ஜூலையில்தான் வெளியே வந்தது. கடனுக்குக் கிட்னி கொடுத்தவர்கள் இருக்கிற மாவட்டத்தில், ஐந்து மில்லி ரத்தத்துக்கும் ரசீது கேட்பது புத்திசாலித்தனம்.

அந்த மண்டபம் கேட்ட குழு, அடுத்த சுற்றுக்கு ஆடி முடிந்ததும் வரப்போவதாகத் தகவல் சொல்லியிருக்கிறது. காலனிப் பெண்கள் மகளிர் குழுக் கூட்டத்தில் இதைப் பேசினார்கள். மண்டபத்துக்கு வர மாட்டோம். எங்கள் தெருவில், தண்ணீர்த் தொட்டி பக்கத்தில், வேலைக்குப் போய்த் திரும்பியபிறகு சாயங்காலம் ஏழரை மணிக்குக் கூட்டம் போட வேண்டும். தெலுங்கில் ஒருவர் சொல்ல வேண்டும். ஊர்த்தெருவில் போன தடவை எடுத்த ரத்தத்தில் என்ன தெரிந்தது என்பதை முதலில் சொல்லிவிட்டு, பிறகு எங்களிடம் கேட்கட்டும். இதை ஒரு தாளில் எழுதி, கையெழுத்துப் போடத் தெரிந்தவர்கள் போட்டு, அந்தக் குழுவின் அலுவலகத்துக்குப் பதிவுத் தபாலில் அனுப்பியிருக்கிறார்கள். ஒப்புகை அட்டை திரும்பி வந்துவிட்டது. பதில் இன்னும் வரவில்லை.